மார்க் ட்வெயின்: சிற்றூரின் அச்சமும் ஒரு சிறுவனின் நெஞ்சுரமும்

மிசிசிப்பி ஆற்றில் நீராவிப் படகுகள் ஓடிய காலத்தில், படகின் முன்புறத்தே ஒருவன் நின்று, ஈயக்குண்டு கட்டிய கயிற்றை நீரில் இறக்கி ஆழம் பார்ப்பான். இரண்டு பாகம், அதாவது 12 அடி நீர் இருக்குமாயின் மார்க் ட்வெயின் என்று உரக்கக் கூவுவான். படகு தரை தட்டாமற் செல்லலாம் என்பது அதன் பொருள். அந்தக் கூவலையே 1863-ஆம் ஆண்டில் தம் புனைபெயராக ஏற்றுக்கொண்டவர் சாமுவேல் லாங்ஹார்ன் கிளெமன்ஸ் என்னும் அமெரிக்கர்.

நம் சங்கத்து அன்பர்களிற் பலர் அவரைப் பள்ளிப் பருவத்திலேயே அறிந்திருப்பர். வேலிக்கு வெள்ளையடிக்கும் வேலையைத் தந்திரமாய்ப் பிறர் தலையிற் கட்டி, அதற்குக் கூலியும் அவர்களிடமே பெற்ற டாம் சாயர் என்னும் குறும்பனின் கதையைக் கேளாதார் அரியர். எனவே அவரை நகைச்சுவையாளர் என்ற அளவில் நிறுத்திவிடுவது எளிது. ஆனால் மனிதரை மனிதர் விலைக்கு வாங்கி விற்ற ஓர் ஊரில், அடிமை வைத்திருந்த ஒரு வீட்டில் வளர்ந்து, அது தவறென்று ஒருவர் வாயாலும் கேளாத ஒரு சிறுவன், பிற்காலத்தில் அவ்வூரின் நெஞ்சையே பிளந்து காட்டும் கதைகளை எழுதினான் என்பது வியப்புக்குரியது. இவ்வாண்டு மலரில் நாம் சொல்ல விழைவது அந்த வரலாற்றையே.

சாமுவேல் 1835-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் மிசௌரி மாநிலத்து ஃபிளாரிடா என்னும் குக்கிராமத்திற் பிறந்தார். ஹாலியின் வால்மீன் வானில் தோன்றிய ஆண்டு அது. 1839-இல் குடும்பம் ஹானிபல் என்னும் ஆற்றங்கரை ஊருக்குக் குடிபெயர்ந்தது. மிசௌரி 1821-இல் அடிமை முறையை ஏற்ற மாநிலமாகவே ஒன்றியத்திற் சேர்க்கப்பட்டது. ஆற்றின் அக்கரையிலோ இல்லினாய் மாநிலம். அங்கே அடிமை முறை இல்லை. இடையில் ஓடியது ஏறத்தாழ ஒரு மைல் அகல நீர். இக்கரையில் ஒரு மனிதன் மாட்டைப் போல் உடைமை. அக்கரையில் அவனே மனிதன். இந்த ஒரு மைல் தூரத்தை நினைவில் வைத்துக்கொண்டால் அவர் கதைகள் முழுவதும் விளங்கும்.

தந்தையார் ஜான் மார்ஷல் கிளெமன்ஸ் சட்டம் கற்றவர்; கடை வைத்துப் பார்த்தவர்; சிறு வழக்குகளைத் தீர்க்கும் நீதிபதியாகவும் இருந்தவர். கையிற் பொருள் தங்கவில்லை. மானமும் மரியாதையும் மட்டும் குறையவில்லை. 1841-இல், அக்கரையிலிருந்து வந்து அடிமைகளைத் தப்புவிக்க முயன்ற மூவரை 12 ஆண்டுச் சிறைக்கு அனுப்பிய நடுவர் குழுவில் அவரும் ஒருவர். கடன் முற்றிய காலத்தில் ஜென்னி என்னும் அடிமைப் பெண்ணை விற்றவரும் அவரே. அன்பும் ஒழுக்கமும் உடைய அந்த மனிதர், தம் மகனை அடித்தது வாழ்நாளில் ஓரிரு முறைதான். ஆனால் லூயிஸ் என்னும் அடிமைச் சிறுவனைச் சின்னஞ்சிறு பிழைக்கெல்லாம் அறைந்தார். இதனை மகனே பிற்காலத்தில் எழுதிவைத்தார். தீயோர் செய்யும் தீமையை எழுதுவது எளிது. நல்லவர் ஒருவர் உண்டு எழுந்து கைகழுவுவதுபோல் இயல்பாகச் செய்யும் தீமையை, அதுவும் பெற்ற தந்தையிடத்தே கண்டு எழுதுவதற்கு வேறொரு துணிவு வேண்டும்.

ஊர்க் கோயிலிற் குருமார்கள் அடிமை முறை வேதத்திற்கு இசைந்ததே என்று போதித்தார்கள். செய்தித்தாள் மறுத்துப் பேசவில்லை. அறிந்தோர் எவரும் வாய் திறக்கவில்லை. சாமுவேலுக்கு வயது பத்து இருக்கும்போது, ஓர் அடிமை வேலையிற் சற்றே தடுமாறினான் என்பதற்காக அவன் ஆண்டை இரும்புத் தாதுக் கட்டி ஒன்றை எடுத்து அவன் தலைமேல் வீசினான். அடிமை விழுந்தான், ஒரு மணி நேரத்தில் இறந்தான். ஊரார் ஒருவரும் அக்கொலையை ஏற்கவில்லை; எனினும் அதைப் பற்றி அதிகம் பேசவுமில்லை.

கிளெமன்ஸ் வீட்டில் சாண்டி என்றொரு சிறுவன் வாடகைக்கு வந்திருந்தான். ஆம், அடிமைகளை வாடகைக்கு விடும் வழக்கமும் அங்கே உண்டு. தொலைவிலுள்ள மேரிலாந்தில் தாயினின்றும் பிரிக்கப்பட்டு விற்கப்பட்டவன் அவன். நாள் முழுதும் பாடுவான், கூவுவான், சீழ்க்கையடிப்பான். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் சாமுவேல் தாயிடம் முறையிட்டார். தாயார் ஜேன் அம்மையார் கண் கலங்கினார். அவன் பாடும்வரையில் தன் தாயை நினைக்கவில்லை என்று தமக்கு ஆறுதலாயிருக்கிறது என்றும், அவன் வாய் மூடிவிட்டாற்றான் தமக்குத் தாங்காது என்றும் சொன்னார். அதன்பின் சாண்டியின் பாட்டு அவருக்குத் தொல்லையாய் இருக்கவில்லை.

கோடை விடுமுறையில் மாமன் குவார்லஸ் என்பாரின் பண்ணைக்குச் செல்வது வழக்கம். அங்கே டேனியல் என்னும் நடுவயது அடிமை ஒருவர் இரவில் குழந்தைகளைக் கூட்டிவைத்துக் கதை சொல்வார். நேர்மையும் பொறுமையும் கனிவும் நிறைந்த அவரை வெள்ளைக் குழந்தைகளும் கறுப்புக் குழந்தைகளும் ஒருங்கே மாமா என்றழைத்தனர். பின்னாளில் ஹக்கிள்பெரி ஃபின் கதையில் ஜிம் என்னும் பாத்திரமாய் உலகெங்கும் உலவியவர் இந்த டேனியலே.

அந்தக் கதைக்கு வித்திட்ட இன்னொரு நிகழ்ச்சியைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஹானிபலில் ஒரு குடிகாரரின் குடும்பம் இருந்தது. பிளாங்கன்ஷிப் என்பது குடும்பப் பெயர். அந்த வீட்டு இளையமகன் டாம் பள்ளிக்குப் போகாதவன்; செருப்பு அணியாதவன்; ஊர்ப் பெற்றோர் அனைவரும் தம் பிள்ளைகளை அவனோடு சேரவிடாமற் காத்தனர். ஆகையாற்றான் பிள்ளைகள் எல்லாரும் அவனையே தேடிச் சென்றனர். ஹக் என்னும் சிறுவனுக்கு உருவம் கொடுத்தவன் அவன். அவனுடைய அண்ணன் பென்ஸ், மீன் பிடித்துப் பிழைப்பவன். 1847-இல் அக்கரையை ஒட்டிய தீவொன்றின் சதுப்பு நிலத்தில், தப்பியோடிவந்த அடிமை ஒருவன் ஒளிந்திருப்பதை அவன் கண்டான். பிடித்துக் கொடுத்தால் 50 டாலர் பரிசு. அன்றாடம் உணவுக்கே வழியற்ற ஒருவனுக்கு அது பெருஞ்செல்வம். பிடித்துக் கொடுக்காமலிருப்பதோ சட்டப்படி குற்றம், ஊர்வழக்கப்படி இழிவு. பென்ஸ் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. வாரக்கணக்கில் அவனுக்கு உணவு கொண்டுபோய்க் கொடுத்தான். இறுதியில் விறகு வெட்டிகள் சிலர் கண்டு துரத்த, அந்த அடிமை சதுப்பு நீரில் மூழ்கி மறைந்தான். சில நாட்களுக்குப் பின் சாமுவேலும் தோழரும் அப்பக்கம் சென்றபோது, அவனது உடல் நீரிலிருந்து மேலெழுந்து வந்தது. அலறிக்கொண்டு ஓடினர். அப்போது சாமுவேலுக்கு வயது பதினொன்று.

ஊரிலேயே கடைப்பட்டதென்று கருதப்பட்ட குடும்பத்தில் ஒருவன் 50 டாலரை வேண்டாமென்று விட்டான். கோயிலில் முன்வரிசையில் அமர்ந்த பெரியோரில் அதைச் செய்யக்கூடியவர் ஒருவரும் இருந்ததாகத் தெரியவில்லை.

அதே 1847-இல் தந்தையார் மறைந்தார். சிறுவன் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலைக்குச் சேர்ந்தான். 1853-இல் ஊரைவிட்டு வெளியேறி நியூயார்க், பிலடெல்பியா முதலிய நகரங்களில் வேலை செய்தான். அந்நாளில் தாயாருக்கு எழுதிய கடிதங்களில், வடநாட்டில் கறுப்பின மக்கள் சுதந்திரமாய் நடமாடுவதைக் கண்டு ஏளனமும் எரிச்சலும் கொண்டு எழுதியிருக்கிறான். இதனை மறைத்துவிட்டு அவரைப் பிறவி ஞானியாகக் காட்டுதல் முறையன்று. ஊர் ஊட்டிய பால் அவ்வளவு எளிதில் வெளியேறுவதில்லை.

1857-இல் நீராவிப் படகோட்டுங் கலையைப் பயிலத் தொடங்கி, 1859-இல் உரிமம் பெற்றார். 1858-இல் தம்பி ஹென்றி, கொதிகலன் வெடித்த படகொன்றில் இருந்து மாண்டான். அவ்வேலையை வாங்கித் தந்தவர் தாமே என்ற துயரம் அவரை விடவேயில்லை. 1861-இல் உள்நாட்டுப் போர் மூண்டது. ஆற்றுப் போக்குவரத்து நின்றது. தென்னவர் பக்கத்தில் ஏறத்தாழ இரண்டு வாரம் ஊர்ப்படையில் திரிந்து, பின்னர் அதை விட்டுவிட்டு, அண்ணன் ஓரியனோடு மேற்கே நெவாடாவுக்குப் போய்விட்டார். வெள்ளிச் சுரங்கம் தோண்டிப் பார்த்தார். கிடைத்தது செய்தியாளர் வேலை. தவளைக் கதை 1865-இல் புகழ் தந்தது. 1869-இல் வெளிவந்த பயண நூல் பொருளும் தந்தது.

1870-இல் எல்மைரா நகரத்து ஆலிவியா லாங்டன் அம்மையாரை மணந்தார். மாமனார் ஜெர்விஸ் லாங்டன் அடிமை ஒழிப்பில் ஈடுபட்டவர். தப்பியோடி வந்து பெருந்தலைவராய் விளங்கிய ஃபிரெடரிக் டக்ளசுக்கு உதவியவர். தம் தந்தையார் எத்தகையோரைச் சிறைக்கு அனுப்பினாரோ அத்தகையோரின் வீட்டில் ட்வெயின் மருமகனாய் நுழைந்தார். டக்ளசை நேரில் அறியும் வாய்ப்பும் கிட்டிற்று. 1881-இல் டக்ளசை அரசுப் பதவியில் தொடர்ந்து வைத்திருக்குமாறு, பதவியேற்கவிருந்த குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டுக்கு அவர் கடிதமும் எழுதினார்.

மனைவியின் தமக்கையாருடைய மலைப்பண்ணையில் கோடையைக் கழிப்பது அவர் வழக்கம். அங்கே மேரி ஆன் கார்டு என்னும் கறுப்பின அம்மையார் சமையல் பார்த்தார். எப்போதும் சிரித்த முகம். ஒரு மாலையில், இத்தனை காலம் வாழ்ந்தும் துன்பம் என்பதையே அறியாமல் இருந்தது எப்படி என்று ட்வெயின் விளையாட்டாய்க் கேட்டுவிட்டார். அம்மையார் சிரிப்பை நிறுத்தினார். ரிச்மண்டு நகரில் ஏலமேடையில் தம் கணவரும் ஏழு பிள்ளைகளும் ஒருவர்பின் ஒருவராக விற்கப்பட்டதையும், கடைசிப் பிள்ளையைப் பற்றிக்கொண்டு தாம் போராடியதையும், 13 ஆண்டுகளுக்குப் பின் போர்க்காலத்தில் கறுப்பினப் படைவீரனாய் வந்த அந்தப் பிள்ளையை அவன் உடலிலிருந்த தழும்புகளால் இன்னானென்று தெரிந்துகொண்டதையும் எழுந்து நின்று சொன்னார். ட்வெயின் அதைப் பெரும்பாலும் அவர் சொன்னவாறே எழுதி 1874-இல் அட்லாண்டிக் இதழில் வெளியிட்டார். சாண்டியின் பாட்டும் இந்த அம்மையாரின் சிரிப்பும் நம் மனத்தில் ஒன்றாகவே நிற்கின்றன. இரண்டையும் முதலில் தவறாகப் புரிந்துகொண்டவர் ட்வெயின்; அப்படிப் புரிந்துகொண்டதை உள்ளபடியே எழுதியவரும் அவரே.

டாம் சாயர் 1876-இல் வந்தது. ஹானிபலே அதில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்னும் பெயரில் வருகிறது. செய்யாத கொலைக்குத் தூக்குமேடை ஏறவிருந்த ஒருவனுக்காக, உயிரச்சத்தையும் மீறி டாம் நீதிமன்றத்தில் உண்மை சொல்வது அக்கதையின் உச்சம். ஆனால் அந்தக் கதையிலே கொலைகாரன் அமெரிக்கப் பழங்குடிக் கலப்பினத்தவன். அவன் கொடுமைக்கு அவன் குருதியே காரணம் என்பதுபோல் எழுதப்பட்டிருக்கிறது. கறுப்பின மக்களிடத்தில் திறந்த அவர் கண், பழங்குடியினரிடத்தில் நெடுங்காலம் திறக்கவில்லை.

ஹக்கிள்பெரி ஃபின் நூலை 1876-இலேயே தொடங்கினார். நடுவில் எழுத்து நின்றது. கைப்பிரதி ஆண்டுக்கணக்கில் உறங்கிற்று. 1882-இல் மீண்டும் மிசிசிப்பியில் பயணம் செய்து பழைய ஊர்களைக் கண்டுவந்தபின் முடித்தார். 1884 டிசம்பரில் இங்கிலாந்திலும் 1885 பிப்ரவரியில் அமெரிக்காவிலும் வெளிவந்தது. அடிமை முறை 1865-லேயே சட்டத்தால் ஒழிந்துவிட்டது; பின் இருபது ஆண்டு கழித்து அதைப் பற்றி எழுதுவானேன் என்று வினவலாம். 1877-இல் நடுவண் அரசின் படைகள் தென்மாநிலங்களை விட்டு விலகியபின், கறுப்பின மக்கள் பெற்ற உரிமைகள் ஒவ்வொன்றாகப் பறிபோகத் தொடங்கியிருந்தன. சட்டம் போயிற்று, மனம் போகவில்லை. நூல் எழுதப்பட்ட வேளை அது.

கதை எளியது. குடிகாரத் தந்தையிடமிருந்து தப்பிய ஹக்கும், தன் தலைவி தன்னை 800 டாலருக்குத் தெற்கே விற்கப்போகிறாள் என்றறிந்து தப்பிய ஜிம்மும் ஒரு தெப்பத்தில் ஆற்றோடு போகிறார்கள். ஓஹையோ ஆறு கலக்குமிடத்தில் திரும்பி, விடுதலை நாட்டை நோக்கிச் செல்வது திட்டம். மூடுபனியில் அந்த இடம் தப்பிவிடுகிறது. விடுதலை தேடிப் புறப்பட்டவன், நாளுக்கு நாள் அடிமை நாட்டின் உள்ளேயே இழுக்கப்படுகிறான்.

அந்த மூடுபனி இரவில் பிரிந்துபோன ஹக் மீண்டும் வந்து, பிரிந்ததே கனவென்று ஜிம்மை ஏமாற்றிச் சிரிக்கிறான். தனக்காக உயிர் துடித்தவனை முட்டாளாக்கியது ஈனச்செயல் என்று ஜிம் அமைதியாய்ச் சொல்லிவிட்டு அகன்றுவிடுகிறான். ஒரு வெள்ளைச் சிறுவன் ஓர் அடிமையிடம் மன்னிப்புக் கேட்பது அவ்வுலகில் நினைக்கவும் இயலாதது. ஹக் கால்மணி நேரம் தன்னோடு போராடிவிட்டு, எழுந்து போய்க் கேட்கிறான். அவ்விடம் அரைப் பக்கம்கூட இராது. நூல் முழுவதிலும் நமக்கு அதுவே பெரிது.

பின்னர் அடிமைகளைத் தேடும் இருவர் படகில் வருகின்றனர். தெப்பத்தில் இருப்பவன் தன் தந்தை என்றும், அவருக்குப் பெரியம்மை என்றும் தோன்றுமாறு ஹக் நடிக்கிறான். அவர்கள் அஞ்சி, ஆளுக்கு 20 டாலர் பொன் காசைப் பலகையில் மிதக்கவிட்டு ஓடுகின்றனர். இறுதியில் இரண்டு எத்தர்கள் ஜிம்மை 40 டாலருக்குக் காட்டிக் கொடுத்துவிடுகின்றனர். அப்போது ஹக்கின் மனத்தில் ஊர் புகுத்திய பாடம் எல்லாம் எழுகின்றது. பிறர் உடைமையைத் திருடியவன் நரகம் புகுவான். ஆகவே ஜிம்மின் தலைவிக்குக் கடிதம் எழுதிவிடுவதே புண்ணியம். எழுதுகிறான், எழுதியதும் பாவம் கழுவப்பட்டதுபோல் இருக்கிறது. பிறகு ஆற்றில் கழிந்த இரவுகளும், தன் காவல் முறையையும் சேர்த்து ஜிம்மே விழித்திருந்து தன்னை உறங்கவிட்டதும் நினைவுக்கு வருகின்றன. நரகமே ஆனாலும் போகத் துணிந்து கடிதத்தைக் கிழித்தெறிகிறான்.

இதில் கவனிக்கத்தக்கது யாதெனில், தான் செய்வது சரி என்று ஹக் கடைசிவரையில் எண்ணவேயில்லை. ஊர் சொன்னதே அறம், தான் செய்வது பாவம் என்றே நம்புகிறான், நம்பிக்கொண்டே செய்கிறான். தான் செய்வது நியாயம் என்று தெரிந்தவன் எதிர்த்து நிற்பது ஒருவகைத் துணிவு. நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று நம் காலனியில் ஒரு கலியாணப் பேச்சுக்கே எவ்வளவு நடுங்குகிறோம்! அந்தப் பையனுக்கோ நாலு பேர் மட்டுமல்லர், ஆண்டவனும் எதிர்ப்பக்கம்.

கணக்கெழுதியே பழகிய நம் கண்ணுக்கு மற்றொன்றும் பட்டது. பெரியம்மைக்கு அஞ்சியோர் விட்ட தொகை 40 டாலர். ஜிம்மை எத்தர்கள் விற்ற விலை 40 டாலர். கதை முடிவில் டாம் சாயர் ஜிம்முக்கு அவன் பட்ட பாட்டிற்கு ஈடாகக் கொடுப்பதும் 40 டாலரே. ஆசிரியர் எண்ணிச் செய்தாரோ இல்லையோ, ஒரு மனிதனின் விடுதலைக்கு உலகம் வைத்த விலை அந்த ஓர் எண்ணிலேயே நிற்கிறது.

கடைசிப் பகுதியில் டாம் வந்து சேர்ந்து, ஜிம்மை விடுவிப்பதை ஒரு விளையாட்டாக்கிப் பல அத்தியாயங்களை வீணடிக்கிறான். ஜிம்மின் தலைவி இறக்கும்போதே அவனுக்கு விடுதலை எழுதிவைத்துவிட்டாள் என்பது டாமுக்குத் தெரியும். தெரிந்தே ஜிம்மைத் துன்புறுத்துகிறான். விடுதலை பெற்ற பின்பும் கறுப்பின மக்களை நாடு அலைக்கழித்ததை ஆசிரியர் குறிப்பாற் காட்டினார் என்று கூறுவோர் உண்டு. நமக்கு அப்படித் தோன்றவில்லை. எழுத்தாளரின் கை தளர்ந்துவிட்டதென்றே தோன்றுகிறது.

அதே நூலில் ஒரு கூட்டம் வருகிறது. ஷெர்பர்ன் என்பவன் பட்டப்பகலில் ஒரு குடிகாரக் கிழவனைச் சுட்டுக் கொல்கிறான். ஊரார் அவனைத் தூக்கிலிடத் திரண்டு வருகின்றனர். அவன் துப்பாக்கியோடு கூரைமேல் நின்று, கூட்டத்தின் வீரம் கூட்டத்திடம் கடன் வாங்கியதே என்று ஏளனம் செய்ய, கூட்டம் சிதறி ஓடுகிறது. சொல்பவன் கொலைகாரன், சொல்லியதோ உண்மை. ட்வெயினின் கைத்திறன் இத்தகைய இடங்களில்தான் தெரிகிறது.

1885 மார்ச்சில் கன்கார்டு நகர நூலகம், இந்நூல் இளைஞர்க்கு ஏற்றதன்று, முரட்டுத்தனமானது என்று விலக்கியது. பேச்சு நயமில்லை, பையன் பொய் சொல்கிறான் என்பவையே அன்றைய குறைகள். ஜிம்மை ஏன் விடுவிக்க வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டாரில்லை.

அதே ஆண்டில் யேல் பல்கலைக்கழகத்திற் பேசச் சென்ற ட்வெயின், வார்னர் மெக்கின் என்னும் கறுப்பினச் சட்ட மாணவரைச் சந்தித்தார். அவர் வேலை செய்துகொண்டே படிக்கிறார் என்றறிந்து, கல்லூரித் தலைவருக்குக் கடிதம் எழுதி, அவருடைய செலவைத் தாம் ஏற்றார். வெள்ளையர் கறுப்பருக்குப் பட்ட கடன் இது என்பதே அவர் கருத்து. மெக்கின் பால்டிமோர் நகரில் புகழ்பெற்ற வழக்குரைஞரானார். பின்னாளில் இளம் வழக்குரைஞராய் இருந்த தர்குட் மார்ஷலுக்கு வழிகாட்டினார். அமெரிக்க உச்சநீதிமன்றத்தில் 1967-இல் அமர்ந்த முதற் கறுப்பின நீதிபதி அந்த மார்ஷலே. ட்வெயின் எழுதிய கடிதம் 1985-இல்தான் வெளியுலகிற்குத் தெரியவந்தது.

1894-இல் புட்டன்ஹெட் வில்சன் என்னும் கதையை வெளியிட்டார். அதுவும் ஆற்றங்கரைச் சிற்றூர்க் கதையே. ராக்ஸி என்பவள் பதினாறில் ஒரு பங்கே கறுப்பினக் குருதி உடையவள், பார்வைக்கு வெள்ளைக்காரி, சட்டப்படி அடிமை. தன் குழந்தை தெற்கே விற்கப்படலாம் என்றஞ்சி, ஆண்டையின் குழந்தையோடு தொட்டிலில் மாற்றி வைத்துவிடுகிறாள். இருபதாண்டுக்கு மேல் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. இறுதியில் கைரேகை காட்டிக் கொடுக்கிறது. உண்மை வாரிசு மாளிகைக்கு மீள்கிறான். ஆனால் அடிமையின் பேச்சும் நடையும் படிந்த அவனால் அங்கே அமரவும் முடியவில்லை. போலி வாரிசு அடிமையாய் விற்கப்படுகிறான். பிறப்பு எங்கே, வளர்ப்பு எங்கே என்று கேட்கும் இக்கதையைப் படித்தபோது, வேறெங்கோ இருக்கும் செய்தியாய் நமக்குத் தோன்றவில்லை. கைரேகையைக் கொண்டு குற்றவாளியை அறியும் அலுவலகம் கல்கத்தாவில் 1897-இல்தான் அமைந்தது என்பதையும் அன்பர்கள் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

எழுத்துக் கோக்கும் பொறியொன்றில் பெரும்பொருளை இட்டு இழந்தார். 1894-இல் அவருடைய பதிப்பகமும் முறிந்தது. கடன்காரர்க்குச் சட்டப்படி கொடுக்க வேண்டியதற்கும் மேலாக முழுத்தொகையும் கொடுப்பதென்று துணிந்து, அறுபதை எட்டும் வயதில் உலகைச் சுற்றிச் சொற்பொழிவாற்றப் புறப்பட்டார். 1898-இன் தொடக்கத்தில் கடன் முழுதும் தீர்ந்தது.

அந்தப் பயணத்தில்தான் 1896 ஜனவரியில் பம்பாய் வந்தார். விடுதியில் ஓர் ஐரோப்பியர், கதவைச் சரிசெய்ய வந்த இந்தியப் பணியாளை ஏதோ சிறு பிழைக்காகக் கன்னத்தில் அறைந்தார். அடிபட்டவன் ஒன்றும் பேசவில்லை. அந்தக் கணத்தில் ட்வெயின் ஐம்பதாண்டு பின்னோக்கிப் போய்விட்டார். தந்தையிடம் அறைபட்ட லூயிசும், இரும்புக் கட்டியால் அடிபட்டு விழுந்தவனும் அவர் கண்முன் வந்தனர். மேலே நாம் சொன்ன இளமை நிகழ்ச்சிகளை அவர் எழுதியதே இந்தப் பம்பாய் அறையின் நினைவால்தான். எனினும் தம் இந்தியப் பணியாளுக்கு வாய்க்கு வந்தபடி சாத்தான் என்று பெயர் வைத்து அழைத்தவரும் அவரே என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இருப்புப்பாதைக் குடும்பங்களுக்கு ஒரு செய்தி. அலகாபாத்திலிருந்து காசிக்குப் போகும் வழியில் மொகல்சராயில் வண்டி மாற இரண்டு மணி நேரம் காத்திருந்தார். நாம் அனைவரும் எத்தனையோ முறை சலித்துக்கொண்டு காத்திருந்த சந்திப்பு அது; 2018-இல் பெயர் மாறிவிட்டது. அவருக்கோ அந்தக் காத்திருப்பே விருந்தாயிற்று. இந்திய நிலையமொன்றின் நடைமேடையில் வந்துபோகும் மக்கள் வெள்ளத்தைப் பார்ப்பதைவிட இன்பம் வேறில்லை என்ற மனநிலையில் இருந்தார். டார்ஜிலிங்கிலிருந்து இறங்கும்போது, மலைப்பாதையில் 35 மைல் தூரத்தை நம் ஆட்கள் பாதை பார்க்கப் பயன்படுத்தும் டிராலி போன்ற சிறு வண்டியில் உருண்டே கடந்தார். அதைப் போன்ற நாள் தம் வாழ்வில் இல்லை என்று களித்தார். மார்ச் இறுதியில் கல்கத்தாவில் கப்பலேறி, சென்னையில் ஒருநாள் தங்கி, இலங்கை வழியே மொரீசுக்குச் சென்றார். அந்த ஆகஸ்டில், அவர் இங்கிலாந்தில் இருந்தபோது, மூத்த மகள் சூசி தன் 24-ஆம் வயதில் ஊரில் இறந்தாள்.

1901 ஆகஸ்டில், அவர் பிறந்த மிசௌரியிலேயே பியர்ஸ் சிட்டி என்னும் ஊரில் வெள்ளையர் கூட்டம் கறுப்பினத்தார் மூவரைக் கொன்று, வீடுகளைக் கொளுத்தி, எஞ்சிய குடும்பங்களை ஊரைவிட்டே துரத்திற்று. ட்வெயின் கடுஞ்சினங்கொண்டு ஒரு கட்டுரை எழுதினார். கூட்டத்தில் நிற்போரிற் பெரும்பாலோர் கொடியவரல்லர். அண்டை வீட்டார் என்ன நினைப்பாரோ என்றஞ்சியே அங்கே நிற்கின்றனர். அஞ்சாத ஒருவன் எதிரே நின்றால் கூட்டம் கரையும் என்பது அதன் சாரம். கூட்டுக்கொலையைப் பற்றி ஒரு முழு நூலே எழுதவும் எண்ணினார். பிறகு நிறுத்திவிட்டார். அப்படியொரு நூல் வந்தால் தென்மாநிலங்களில் தமக்கு ஒரு நண்பரும் மிஞ்சார் என்று பதிப்பாளருக்கு எழுதினார். கட்டுரை பெட்டியில் உறங்கி, அவர் மறைந்து 13 ஆண்டு கழித்து 1923-இல் வெளிவந்தது. பதினாலு வயதுப் பையனுக்கு அவர் கொடுத்த துணிவை அவரே அந்த ஒரு முறை காட்டவில்லை. இதனைச் சொல்வதால் அவர் சிறுத்துவிடவில்லை. அந்த அச்சம் எவ்வளவு பெரிது என்பதற்கு அவரே சாட்சி.

மனைவி 1904-இல் ஃபிளாரன்சில் காலமானார். 1906 ஜனவரியில் புக்கர் வாஷிங்டன் நடத்திய கறுப்பினத்தார் கல்விநிலையத்துக்கு நிதி திரட்ட நியூயார்க் கார்னெகி மண்டபத்தில் ட்வெயின் பேசினார். கடைசி மகள் ஜீன் 1909 டிசம்பரில் இறந்தாள். 1910 ஏப்ரல் 21-ஆம் நாள், ஹாலியின் வால்மீன் மீண்டும் தோன்றியிருந்தபோது, தாம் முன்பே சொன்னபடி அதனோடு போய்விட்டார்.

நூலுக்கு வழக்கு தீரவில்லை. கறுப்பின மக்களை இழித்துரைக்கும் சொல்லொன்று அதில் 200 தடவைக்கு மேல் வருகிறது. ஹானிபலில் மக்கள் பேசியது அப்படித்தான். ஆயினும் வகுப்பில் அதை உரக்கப் படிக்கக் கேட்டு அமர்ந்திருக்கும் ஒரு கறுப்பினக் குழந்தைக்கு அது எப்படியிருக்கும் என்று பெற்றோர் கேட்டனர்; அக்கேள்வியை எளிதாய்த் தள்ளிவிட முடியாது. 1957-இல் நியூயார்க் நகரப் பள்ளிகளின் பாடநூற் பட்டியலிலிருந்து நூல் நீக்கப்பட்டது. 2011-இல் அச்சொல்லை அடிமை என்று மாற்றி ஒரு பதிப்பு வந்தது. 2024-இல் கறுப்பின எழுத்தாளர் பெர்சிவல் எவரெட், அதே கதையை ஜிம்மின் வாயாலேயே சொல்லும் புதினம் ஒன்றை வெளியிட்டார். அது 2025-இல் புலிட்சர் பரிசு பெற்றது.

ஹானிபலில் டாமுக்கும் ஹக்குக்கும் 1926-இல் சிலை எடுத்தனர். இருவரும் நடக்கின்றனர். ஜிம் அங்கே இல்லை. ஜிம்மின் பெயரால், அவ்வூர்க் கறுப்பின மக்களின் வரலாற்றைக் காட்டும் சிறு காட்சிச்சாலை ஒன்று 2013-இல் அமைந்தது.